வீட்டுக்கும் மூச்சுக்குழாய் உண்டு!

முதலில் ஒரு சின்னக் கணக்கு போடுவோமா?

கடிகாரத்தைப் பார்த்தபடி ஒரு நிமிடம் உங்கள் மூச்சை எண்ணுங்கள். உள்ளே இழுத்து வெளியே விட்டால் ஒன்று. சும்மா உட்கார்ந்திருக்கும்போது உங்கள் வயதில் ஏறக்குறைய 20 வரும். அப்படியானால் ஒரு மணி நேரத்துக்கு 20 × 60 = 1,200. ஒரு நாளைக்கு 1,200 × 24 = 28,800!

குடிக்கிற தண்ணீரைக் காய்ச்சி ஆறவைக்கிறோம். பழத்தைக் கழுவித் தின்கிறோம். ஒரு நாளைக்கு 28,800 முறை உடம்புக்குள் போகிற காற்றை என்ன செய்கிறோம்? ஒன்றும் செய்வதில்லை!

காற்று மாசு என்றதும் பஸ் புகையும் தொழிற்சாலைப் புகையும்தான் நினைவுக்கு வரும். கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் இருந்தால் தப்பித்தோம் என்று நினைக்கிறோம். அது சரியல்ல. அமெரிக்க அரசின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பு ஒரு கணக்கு சொல்கிறது. அந்நாட்டு மக்கள் தங்கள் நேரத்தில் 90 சதவீதத்தைக் கட்டடங்களுக்குள்ளேயே கழிக்கிறார்களாம். அதாவது 24 மணி நேரத்தில் ஏறக்குறைய இருபத்தொன்றரை மணி நேரம்! சில மாசுப் பொருள்கள் வெளியில் இருப்பதைவிட உள்ளே 2 முதல் 5 மடங்கு அதிகமாக இருப்பதும் உண்டு என்கிறது அந்த அமைப்பு.

அமெரிக்காவைப் பற்றி ஏன் பேசுகிறேன் என்கிறீர்களா? காரணம் இருக்கிறது. அங்கே பல வீடுகளுக்கு நிஜமாகவே மூச்சுக்குழாய் இருக்கிறது! அந்தக் குழாயைப் பற்றித் தெரிந்துகொண்டால், நம் வீட்டுக் காற்றைப் பற்றியும் புரிந்துகொள்ளலாம். வாருங்கள், ஓர் அமெரிக்க வீட்டுக்குள் போய்ப் பார்ப்போம்.

சுவருக்குள் ஓடும் குழாய்

சிகாகோ, மினியாபொலிஸ் போன்ற வடபகுதி நகரங்களில் குளிர்காலத்தில் தண்ணீர் உறைந்து ஐஸ் ஆகிவிடும். பனி கொட்டும். ஜன்னலைத் திறக்கவே முடியாது. எனவே வீடு முழுவதையும் சூடாக்க வேண்டும்.

அதற்காக வீட்டின் அடித்தளத்தில் ஒரு பெரிய கருவி இருக்கும். 'ஃபர்னஸ்' என்பார்கள். பெரும்பாலும் எரிவாயுவால் எரியும். அதற்குள் ஒரு விசிறி உண்டு. சூடான காற்றை அந்த விசிறி தகரக் குழாய்களுக்குள் தள்ளும். அந்தக் குழாய்தான் 'டக்ட்'. அது சுவருக்குள்ளும் தரைக்கு அடியிலும் கூரைக்கு மேலும் மரக்கிளை போலப் பிரிந்து, ஒவ்வோர் அறைக்கும் போகும். அறையில் ஒரு சிறிய கம்பித் தடுப்பு வழியாக வெதுவெதுப்பான காற்று வரும். ஃபர்னஸில் எரிகிற புகை இந்தக் காற்றோடு கலக்காது. அது வேறு குழாய் வழியாக வெளியே போய்விடும்.

அறைக்கு வந்த காற்று பிறகு எங்கே போகும்? இன்னொரு குழாய் வழியாகத் திரும்பவும் ஃபர்னஸுக்கே போகும். போகிற வழியில் ஒரு வடிகட்டி இருக்கும். அதில் தூசியை விட்டுவிட்டு, மறுபடி சூடாகி, மறுபடி அறைக்கு வரும். வெயில் காலத்திலும் இதே குழாய்கள்தான். அப்போது ஏசியின் குளிர்ந்த காற்று அவற்றில் ஓடும்.

நம் உடம்பில் மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரிந்து, பிறகு பல கிளைகளாகப் பிரிவதை அறிவியல் பாடத்தில் படித்திருப்பீர்கள். இந்த வீட்டின் குழாய்களும் கிட்டத்தட்ட அப்படித்தான். ஆனால் ஒரு வித்தியாசம். நாம் ஒவ்வொரு மூச்சுக்கும் புதிய காற்றை இழுக்கிறோம். அந்த வீடோ பெரும்பாலும் உள்ளே இருக்கிற அதே காற்றைத் திரும்பத் திரும்பச் சுற்ற விடுகிறது. இதை மட்டும் நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

குழாய்க்குள் என்ன இருக்கும்?

தூசி என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். அதைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் பெரிய சந்தையே தெரியும். நம் தோலிலிருந்து உதிர்ந்த செதில்கள், தலைமுடி, துணியின் நூலிழைகள், செருப்போடு வந்த மண், மகரந்தத் தூள், நாய் பூனையின் ரோமம் எல்லாம் அதில் இருக்கும். கண்ணுக்குத் தெரியாத தூசிப் பூச்சிகளும் உண்டு. நம் தோல் செதில்கள்தான் அவற்றுக்குச் சாப்பாடு!

வடிகட்டியைத் தாண்டி வருகிற தூசி குழாயின் உட்புறத்தில் படிகிறது. வீட்டில் கட்டட வேலை நடந்தால் சிமென்ட் தூளும் மரத்தூளும் சேர்ந்துகொள்ளும். குழாயில் இடைவெளி இருந்தால் எலிகூடக் குடிபுகும். எங்கேயாவது தண்ணீர் கசிந்தால் பூஞ்சை பிடிக்கும்.

இதைச் சுத்தம் செய்வதற்கென்றே அங்கே ஆட்கள் இருக்கிறார்கள். அவர்கள் வேனில் ஒரு ராட்சத வாக்குவம் கிளீனரைக் கொண்டு வருவார்கள். அதன் தடித்த குழாயை வீட்டின் டக்டோடு இணைத்து, உள்ளே இருக்கிற காற்றை உறிஞ்சுவார்கள். அதே நேரத்தில் நீளமான பிரஷ்ஷை உள்ளே விட்டுச் சுழற்றுவார்கள். அழுத்தப்பட்ட காற்றைப் பீய்ச்சித் தூசியைத் தட்டிவிடுவார்கள். தட்டிவிட்ட தூசி அறைக்குள் வராமல் வாக்குவம் கிளீனருக்குள் போய்விடும். பெரிய ஒட்டடைக் கோலும் பெரிய முறமும் சேர்ந்து வேலை செய்கிற மாதிரி!

சுத்தம் செய்தால் நோய் வராதா?

இங்கேதான் ஒரு முக்கியமான கேள்வி வருகிறது. வருடா வருடம் குழாயைச் சுத்தம் செய்தால் தும்மல் வராதா? ஆஸ்துமா வராதா? சில விளம்பரங்கள் அப்படித்தான் சொல்கின்றன.

அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பு இதைப் பற்றிப் பொதுமக்களுக்காக ஒரு வழிகாட்டியே வெளியிட்டிருக்கிறது. குழாயைச் சுத்தம் செய்வதால் நோய் வராமல் தடுக்க முடியும் என்று இதுவரை நிரூபிக்கப்படவில்லை என்கிறது அது. ஏன் தெரியுமா? குழாயின் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும் தூசியில் பெரும்பகுதி அங்கேயே இருந்துவிடுகிறது. அறைக்குள் பறக்கிற தூசி வேறு இடங்களிலிருந்து வருகிறது. சமையல், புகைபிடித்தல், வெளியிலிருந்து வருகிற மண், ஆட்களின் நடமாட்டம் இவைதான் அதிகம் தூசி கிளப்புகின்றன.

அப்படியானால் குழாயைச் சுத்தம் செய்யவே வேண்டாமா? வேண்டும். ஆனால் தேவைப்படும்போது செய்தால் போதும். மூன்று சந்தர்ப்பங்களை அந்த வழிகாட்டி சொல்கிறது.

ஒன்று, குழாய்க்குள் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்குப் பூஞ்சை வளர்ந்திருந்தால்.

இரண்டு, எலியோ பூச்சிகளோ குடியேறியிருந்தால்.

மூன்று, குழாய் அடைபடும் அளவுக்குத் தூசி சேர்ந்திருந்தால், அல்லது அந்தத் தூசி அறைக்குள் வந்து விழுந்தால்.

இன்னொன்றையும் அது வற்புறுத்திச் சொல்கிறது. பூஞ்சை ஏன் வந்தது, எலி எந்த வழியாக வந்தது என்று கண்டுபிடித்து அதைச் சரிசெய்ய வேண்டும். தண்ணீர்க் கசிவை அடைக்காமல் பூஞ்சையை மட்டும் துடைத்தால் அது மறுபடி வந்துவிடும். ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுகிற கதைதான்!

சிலர் குழாய்க்குள் கிருமிநாசினியையும் தெளிக்கச் சொல்கிறார்கள். இதில் இன்னும் எச்சரிக்கை தேவை. தூசியை எடுக்காமல் மேலே மருந்தைத் தெளித்தால், அடியில் இருக்கிற கிருமிக்கு ஒன்றும் ஆகாது. செத்துப்போன பூஞ்சைகூடச் சிலருக்கு ஒவ்வாமை உண்டாக்கும். அதனால் அதைக் கொன்றால் மட்டும் போதாது, அகற்றவும் வேண்டும். அதோடு, குழாய்க்குள் தெளித்தது எதுவானாலும் காற்றோடு சேர்ந்து படுக்கையறைக்கு வந்து, கடைசியில் நம் மூக்குக்குள்தானே போகும்?

பிலடெல்பியாவில் நடந்தது

தூசியைவிட ஈரத்துக்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும். அதை உலகத்துக்குக் காட்டிய உண்மைச் சம்பவம் ஒன்று உண்டு. இது வீட்டில் நடந்ததல்ல, ஒரு பெரிய ஓட்டலில் நடந்தது.

1976ஆம் ஆண்டு ஜூலை மாதம். அமெரிக்கா சுதந்திரம் பெற்றதன் 200ஆவது ஆண்டு. பிலடெல்பியா நகரின் புகழ்பெற்ற பெல்வியூ ஸ்ட்ராட்ஃபோர்டு ஓட்டலில் முன்னாள் ராணுவத்தினரின் மாநாடு நடந்தது. 'அமெரிக்கன் லீஜியன்' என்பது அவர்களுடைய சங்கத்தின் பெயர். மாநாடு முடிந்து ஊர் திரும்பிய சில நாட்களில் பலருக்குக் கடும் காய்ச்சல். நுரையீரல் பாதிக்கப்பட்டு மூச்சுவிடச் சிரமப்பட்டார்கள். அந்த ஓட்டலுக்குப் போனவர்கள், அதன் அருகே நடந்தவர்கள் என்று 200 பேருக்கு மேல் நோயுற்றார்கள். 34 பேர் இறந்துபோனார்கள்.

என்ன நோய் என்று யாருக்கும் தெரியவில்லை. சாப்பாட்டைச் சோதித்தார்கள், தண்ணீரைச் சோதித்தார்கள், விஷமாக இருக்குமோ என்று தேடினார்கள். மாதங்கள் ஓடின. பயந்துபோன மக்கள் வருவதை நிறுத்தியதால், அந்த ஆண்டு நவம்பரில் ஓட்டலையே மூடிவிட்டார்கள்.

அமெரிக்க அரசின் நோய்த்தடுப்பு மையத்தில் ஜோசப் மெக்டேட் என்ற விஞ்ஞானி இருந்தார். அந்த ஆண்டு கிறிஸ்துமஸ் சமயத்தில் எல்லோரும் விடுமுறையில் இருந்தபோது, அவர் பழைய கண்ணாடித் தகடுகளை எடுத்து நுண்ணோக்கியில் மறுபடியும் பார்த்தார். முன்பு பெரிதாகத் தோன்றாத குச்சி வடிவக் கிருமிகள் ஒரு மூலையில் கூட்டமாகத் தெரிந்தன. தொடர்ந்து ஆராய்ந்தார். அதுவரை யாரும் அறியாத பாக்டீரியா அது! 1977 ஜனவரியில் செய்தி உலகுக்கு அறிவிக்கப்பட்டது. லீஜியன் சங்கத்தாரைத் தாக்கியதால் அதற்கு 'லெஜியோனெல்லா' என்று பெயர் வைத்தார்கள்.

இந்தக் கிருமி குளம், ஓடைகளில் சாதாரணமாக இருப்பதுதான். ஆனால் பெரிய கட்டடங்களின் ஏசிக்காக மொட்டை மாடியில் ஒரு நீர்க்கோபுரம் வைப்பார்கள். அதைச் சரியாகப் பராமரிக்காவிட்டால், அதில் இருக்கும் வெதுவெதுப்பான தண்ணீரில் இக்கிருமி பல்கிப் பெருகும். பிறகு மிக நுண்ணிய நீர்த்துளிகளில் ஏறிக் காற்றில் பரவும். பிலடெல்பியாவிலும் அப்படித்தான் நடந்திருக்க வேண்டும் என்று விஞ்ஞானிகள் முடிவு செய்தார்கள். இன்றைக்குப் பெரிய கட்டடங்களில் நீர்க்கோபுரத்தைக் கழுவுவதற்கும் சோதிப்பதற்கும் பல நாடுகளில் விதிகள் இருக்கின்றன. அதற்குப் பின்னால் அந்த 34 உயிர்கள் இருக்கின்றன.

குவியலை அகற்று!

ஜெர்மனியின் மியூனிக் நகரில் மாக்ஸ் ஃபான் பெட்டன்கோஃபர் என்ற சுகாதார விஞ்ஞானி வாழ்ந்தார். 1858ஆம் ஆண்டு வீட்டுக் காற்றைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அறைக்குள் சாணக் குவியல் கிடந்தால், நாற்றம் போக ஜன்னலைத் திறந்து வைத்துப் பயனில்லை, முதலில் குவியலை வெளியே தள்ள வேண்டும் என்பது அவர் சொன்ன கருத்து. எவ்வளவு எளிமையான உண்மை பாருங்கள்!

அப்படியென்றால் ஜன்னல் எதற்கு? அதற்கும் அவர் பதில் சொன்னார். நாம் விடும் மூச்சைக் குவியல் மாதிரி அள்ளி வெளியே கொட்ட முடியாது. அதற்குப் புதிய காற்றுதான் மருந்து. அறைக் காற்றில் கார்பன் டை ஆக்சைடு பத்து லட்சத்துக்கு 1,000 பங்கைத் தாண்டக் கூடாது என்று அவர் ஓர் எல்லை வகுத்தார். அதைத் தாண்டினால் அறையில் காற்றோட்டம் போதவில்லை என்று பொருள்.

ஆக, வரிசை இதுதான். முதலில் குவியலை அகற்று. அடுத்து ஜன்னலைத் திற. அதற்குப் பிறகு வடிகட்டியையும் குழாயையும் கவனி. கிருமிநாசினி கடைசியில்தான், அதுவும் அவசியமானால் மட்டும்.

நம் வீட்டில் எங்கே குவியல்?

நம் ஊர் வீடுகளில் பெரும்பாலும் டக்ட் கிடையாது. சினிமா தியேட்டரிலோ பெரிய ஆஸ்பத்திரியிலோ கூரையை அண்ணாந்து பார்த்தால் தெரியும். ஆனால் குவியல் மட்டும் நம் வீட்டிலும் உண்டு. தேடுவோமா?

விறகு அடுப்புப் புகை: எல்லாவற்றிலும் பெரிய குவியல் இதுதான். விறகு, வரட்டி, கரி, மண்ணெண்ணெய் போன்றவற்றை வீட்டில் எரிப்பதால் உண்டாகும் காற்று மாசினால் 2020ஆம் ஆண்டில் உலகெங்கும் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அவர்களில் 2,37,000க்கும் அதிகமானோர் ஐந்து வயதுகூட நிறையாத குழந்தைகள். பாட்டி வீட்டில் விறகு அடுப்பு இருந்தால், தம்பி தங்கையை அடுப்படியில் உட்கார வைக்காதீர்கள். ஈர விறகு அதிகம் புகையும். நன்றாகக் காய்ந்த விறகை எடுத்துக் கொடுங்கள். புகை போக வழி இருக்கிறதா என்று பாருங்கள். கேஸ் அடுப்பு வாங்குவதைப் பற்றி வீட்டில் பேச்சு வந்தால், இந்தக் கணக்கை எடுத்துச் சொல்லுங்கள்.

கொசுவர்த்தி: ஒரு சுருள் முழுவதும் எரிந்தால் வெளிவருகிற நுண்துகள், 75 முதல் 137 சிகரெட் எரிந்தால் வருகிற நுண்துகளுக்குச் சமம் என்று 2003இல் வெளியான ஓர் ஆய்வு கண்டறிந்தது. ஜன்னலை மூடிக்கொண்டு அதைக் கொளுத்தித் தூங்குகிறோமே! கொசுவலை கட்டுங்கள். தேங்கிய தண்ணீரைக் கொட்டிவிட்டால் கொசுவின் குவியலையே அகற்றியதாகிவிடும்.

ஈரச் சுவர்: கறுப்பாகவோ பச்சையாகவோ படர்ந்திருந்தால் அது பூஞ்சை. வெள்ளையடித்து மறைத்தால் போகாது. எந்தக் குழாய் கசிகிறது, எங்கே மழைநீர் இறங்குகிறது என்று கண்டுபிடித்து அப்பாவிடம் காட்டுங்கள்.

ஏசி: ஏசி இருக்கிற வீடுகளில், முன்மூடிக்குள் ஒரு வலை போன்ற ஃபில்டர் இருக்கும். ஸ்பிளிட் ஏசி பெரும்பாலும் வெளிக்காற்றை உள்ளே இழுப்பதில்லை. அறைக்குள் இருக்கும் காற்றையே குளிர்விக்கிறது. அதனால் ஃபில்டரை அவ்வப்போது கழுவி, நிழலில் நன்றாகக் காயவைத்து மாட்ட வேண்டும். இது பெரியவர்கள் வேலை. மெயின் சுவிட்சை அணைத்த பிறகுதான் தொட வேண்டும். உங்கள் வேலை அவர்களுக்கு நினைவூட்டுவது. ஏசியை நிறுத்தியதும் ஜன்னலைச் சிறிது நேரம் திறந்து வைப்பதும் உங்கள் வேலைதான்.

தூசி: காய்ந்த துடைப்பத்தால் வேகமாகப் பெருக்கினால் தூசி எழும்பி, சுற்றிவந்து, மறுபடி அதே இடத்தில் உட்காரும். மெதுவாகப் பெருக்கி, ஈரத்துணியால் துடைப்பது நல்லது. பாயையும் தலையணையையும் வெயிலில் போட்டுத் தட்டுங்கள். செருப்பை வாசலிலேயே கழற்றிவிடும் நம் பழக்கம் மிக நல்ல பழக்கம். தெருமண் உள்ளே வராமல் தடுப்பது அதுதான்!

கிருமிநாசினி: நெடி அடித்தால்தான் சுத்தம் என்று நினைக்காதீர்கள். பிளீச்சிங் பவுடரையும் கழிவறை கழுவும் ஆசிட்டையும் ஒருபோதும் ஒன்றாகக் கலக்கக் கூடாது. கலந்தால் குளோரின் என்ற நச்சு வாயு வெளிவரும். வீட்டில் யாராவது அப்படிச் செய்யப் போனால் உடனே தடுத்துவிடுங்கள்.

உங்கள் வகுப்பிலேயே இளைப்பு உள்ள ஒரு மாணவரோ மாணவியோ இருக்கலாம். சாக்பீஸ் டஸ்டரை ஜன்னலுக்கு வெளியே தட்டுவதும், வகுப்பறை ஜன்னலைத் திறந்து வைப்பதும் அவருக்கு நீங்கள் செய்கிற பெரிய உதவி.

செய்து பாருங்கள்!

தேவையானவை: மூன்று வெள்ளை அட்டைகள், கொஞ்சம் வாசலின், ஒரு பூதக்கண்ணாடி.

அட்டைகளில் வாசலினை மெல்லிதாகத் தடவுங்கள். ஒன்றை அடுப்படியிலும் (அடுப்புக்குப் பக்கத்தில் வேண்டாம், தள்ளி வையுங்கள்), ஒன்றைத் தெருப்பக்க ஜன்னலிலும், ஒன்றை நீங்கள் படுக்கும் இடத்துக்கு அருகிலும் வையுங்கள். இரண்டு நாள் கழித்து எடுத்துப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். எதில் அதிகம் ஒட்டியிருக்கிறது? கறுப்பா, பழுப்பா, நூலிழையா? நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். எங்கிருந்து வந்தது என்று வீட்டில் எல்லோருமாகக் கண்டுபிடியுங்கள்.

கண்டுபிடித்த குவியலை அகற்றுங்கள். ஒரு வாரம் கழித்துப் புதிய அட்டைகளை அதே இடங்களில் வைத்து, பழையவற்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மெக்டேட் செய்த மாதிரி, இரண்டாவது முறை இன்னும் கவனமாகப் பாருங்கள்!